நஸ்ரி போட்ட சட்டம்

நஸ்ரிக்கு அஷ்பாக்கைப் பிடிக்காது என்று சொன்னால் அது பொய். சின்ன வயதில் ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடித்தவர்கள். அஷ்பாக்குக்குக் கிடைத்ததெல்லாம் தனக்குக் கிடைக்கவில்லையே என்பதுதான் நஸ்ரியின் வருத்தம். வருத்தம் என்பது மரியாதைக்குச் சொல்வது. உள்ளது உள்ளபடி சொன்னால் சுத்தப் பொறாமை.

அஷ்பாக் படிக்கவென்று அவுஸ்திரேலியா போனான். படித்தான், வேலை எடுத்தான், அங்கேயே கலியாணமும் முடித்தான். போன வருடம் அந்த நாட்டுப் பிரஜையும் ஆகிவிட்டான். சத்தியம் செய்த அன்று ஒரு கையில் சின்னக் கொடியும் மறு கையில் அவர்கள் கொடுத்த பூங்கன்றுமாக நின்ற படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். நஸ்ரி 'மாஷா அல்லாஹ்' என்று பதில் போட்டுவிட்டு, சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். வாயில் வைக்க மனம் வரவில்லை.

"அங்க நாட்டுக்காரனா ஆகுறதுக்குப் பூங்கன்று குடுக்கிறாங்களாம் றுமானா. இஞ்ச பிறந்து வளந்த நான் ஒவ்வொரு நாளும் ஐடி காட்டைக் காட்டித்தான் உள்ளுக்குப் போகோணும்."

அவன் சொன்னது முழுப் பொய்யுமல்ல. அவனுக்குச் சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளின் பக்கம் வேலை. அடையாள அட்டையை நீட்டாமல் வாசலைத் தாண்ட ஏலாது. வருடக்கணக்காகப் பார்த்துப் பழகிய காவலாளியும் முகத்தைப் பார்க்கமாட்டான், அட்டையைத்தான் பார்ப்பான்.

"அது வேலைத்தலச் சட்டம். அதுக்கு அஷ்பாக் என்ன செய்வாரு? மீன் ஆறுது, தின்னுங்க," என்றாள் அவன் மனைவி றுமானா.

நஸ்ரிக்கு ஆறுதலென்று இருந்தது கிரிக்கெட் ஒன்றுதான். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அடுத்த நாள் இறக்கக்கண்டிக் கடற்கரையில் பக்கத்து ஊர் நிலாவெளிக்காரரோடு மென்பந்து ஆட்டம். வயது நாற்பத்தைந்து ஆகி, வயிறு முன்தள்ளி வண்டி வைத்த பிறகும் இறக்கக்கண்டிக்கு அவன்தான் கெப்டன், முதல் ஓவரும் அவனுக்குத்தான். வேலை முடிந்தால் மோட்டார் சைக்கிளை நேரே கடற்கரைக்கு விடுவான். அங்கே சின்னப் பொடியன்களும் "கெப்டன் காக்கா" என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிடுவார்கள்.

இந்தப் பெருநாளுக்கு அஷ்பாக் வந்திறங்கினான். வெறுங்கையோடா வந்தான்? அணிக்கு முழுக்க முதுகில் பெயர் போட்ட சேர்ட்டுகள். பொடியன்கள் அவனைச் சுற்றிக்கொண்டார்கள். "இந்த முறை அஷ்பாக் காக்காவே கெப்டனா நிக்கட்டுமே," என்றது ஒரு குரல். நஸ்ரிக்கு அது பொறுக்கவில்லை. நாட்டை எடுத்தான், போகட்டும். இந்த மணலையும் எடுக்க வந்துவிட்டானா?

அன்று பின்னேரம் கிளப் கூட்டத்தில் நஸ்ரி எழும்பினான். "வெளியாட்களைக் கொண்டுவந்து ஆடுறது சரியில்ல. ஐடி காட்டில எந்த ஊர் இரிக்கோ, அந்த ஊருக்குத்தான் ஆடோணும். நம்மட ஊரின்ட மரியாதை அதுலதான் இரிக்கி."

அஷ்பாக்கின் பெயரை அவன் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. கிளப் தலைவர் ஹிஸ்புல்லா மாஸ்டருக்கு அது நல்ல சட்டமாகவே பட்டது. நிலாவெளிக்காரரைக் கேட்டார்கள், அவர்களும் ஓம் என்றார்கள். அன்றிரவு நஸ்ரி இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டான்.

பெருநாள் முடிந்து, ஆட்டத்தன்று காலையில் மாஸ்டர் அட்டைகளை வாங்கிப் பார்த்தார். அஷ்பாக் பேர்ஸிலிருந்து ஒரு பழைய அட்டையை எடுத்தான். இரட்டைக் குடியுரிமை எடுத்திருந்தானாம். கலியாணம் அங்கேயே முடித்ததால் இங்கே பெண்வீடு என்று ஒன்று அவனுக்கு இல்லை. அட்டையில் அவன் உம்மாவின் வீட்டு விலாசம் அப்படியே இருந்தது, இறக்கக்கண்டி.

நஸ்ரியின் அட்டையை மாஸ்டர் இரண்டு தரம் பார்த்தார்.

"தம்பி, இதுல நிலாவெளி எண்டெல்லா இரிக்கி."

இந்தப் பக்கத்தில் சீதன வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்வீட்டுக்குப் போவது. றுமானாவின் வீடு நிலாவெளியில். கலியாணத்தோடு நஸ்ரியின் விலாசம் மாறியது, வாக்காளர் பதிவு மாறியது, புது அட்டையும் வந்தது. தினமும் காவலாளிக்கு நீட்டுகிற அட்டைதான். ஆனால் வீடுதான் றுமானாவுடையது, ஊர் தன்னுடையது என்றே அவன் இத்தனை காலமும் இருந்துவிட்டான். அணியில் மற்றவர்கள் ஊருக்குள்ளேயே பெண் எடுத்தவர்கள், இல்லாவிட்டால் கலியாணமாகாதவர்கள்.

"மாஸ்டர், என்னைத் தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும் தம்பி. சட்டம் நீங்க போட்டது. இப்ப நான் என்ன செய்ய?"

அஷ்பாக் முன்னுக்கு வந்தான். "விடுங்க மாஸ்டர். நஸ்ரியே நிக்கட்டும், நான் வெளிய இரிக்கிறன்."

அந்தப் பெருந்தன்மைதான் நஸ்ரிக்குத் தாங்க ஏலாமல் போனது. "உன்ட தயவு எனக்குத் தேவையில்ல," என்று மணலில் விறுவிறென்று நடந்து நிலாவெளிக்காரர் பக்கம் போய்விட்டான். அவர்களுக்கும் பந்து போட ஒருவன் குறைவாக இருந்தது.

முதல் ஓவர் நஸ்ரிக்கு. எதிரே துடுப்போடு நின்றது அஷ்பாக், இறக்கக்கண்டியின் புதுக் கெப்டன். மூன்றாவது பந்து காலடியில் விழுந்து உள்ளே திரும்பி நடுத்தடியைச் சாய்த்தது. நஸ்ரி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடினான். கால்கள் பழக்கத்தில் அவனை இறக்கக்கண்டிச் சனம் இருந்த பக்கம் கொண்டுபோயின. அங்கே ஒருவரும் கை தட்டவில்லை. பின்னால் ஒலிபெருக்கியில் நிலாவெளிக்காரன் ஒருவன் குதூகலமாகக் கத்தினான்: "விக்கெட்! எடுத்தது எங்கட இறக்கக்கண்டி மாப்பிள்ளை!"

அஷ்பாக் துடுப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்து அவன் தோளைத் தட்டினான். "நல்ல பந்து மச்சான். அங்க கிளப்பில எனக்கும் பேரில்ல. ஸ்ரீலங்காக்காரன் எண்டுதான் கூப்பிடுவாங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தபடி போனான். வேப்பமர நிழலில் இருந்தவர்கள் நெருங்கி உட்கார்ந்து பாயில் அவனுக்கு இடம் விட்டார்கள். யாரோ ஒரு இளநீர்க் குரும்பையை வெட்டிக் கையில் கொடுத்தார்கள். அஷ்பாக்கின் படிப்பையும் வேலையையும் நாட்டையும் பார்த்துப் பொறாமைப்பட்ட காலமெல்லாம் நஸ்ரிக்கு ஒன்றுமில்லாமல் போனது. அந்தப் பாயில் அஷ்பாக்குக்கு விட்ட இடத்தைப் பார்க்கத்தான் ஏலாமல் இருந்தது.