நாத்தனார் ஓடையைப் பச்சையாக்கிய நாள்

என் நாத்தனாருக்குப் பொறுமை கிடையாது. எனக்கும் கிடையாது. மாடியில் அவரும் கீழே நாங்களுமாகப் பதினெட்டு வருடத்தை எப்படி ஓட்டினோம் என்று என் வீட்டுக்காரரைக் கேட்டால் அவர் விட்டத்தைப் பார்ப்பார். அவர் கிடக்கட்டும், நான் நாத்தனார் கதைக்கு வருகிறேன்.

அவர் பிளம்பர். எங்கள் ஊரில் அந்த வேலை பார்க்கும் ஒரே பெண். ஊருக்கே அவர் 'ஸ்பானர் அக்கா'. ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் மனிதர்களைப் பார்க்க மாட்டார், குழாய்ச் சத்தத்தைக் கேட்பார். "உங்க டேங்க்ல மிதவை போயிடுச்சே" என்பார். போய்ப் பார்த்தால் போயிருக்கும்! அவர் போட்ட இணைப்பு கசிந்தது என்று இன்றுவரை யாரும் சொன்னதில்லை. சொல்லத் துடித்தவர்கள் உண்டு. மீசைக்காரர் என்று இன்னொரு பிளம்பர், "பொம்பளை போட்ட பைப்பு, எதுக்கும் கீழ ஒரு வாளி வெச்சுக்கங்க" என்று பதினைந்து வருடமாகத் தெருத்தெருவாகச் சொல்லி வந்தார். அதனாலேயே அக்கா எந்த இணைப்பையும் மூன்று தடவை சோதிப்பார். ஒரு சொட்டு கசிந்தால் போதும், ஊர் தன்னை மென்று துப்பிவிடும் என்று அவருக்குத் தெரியும்.

இப்போது ஓடை. எங்கள் தெருவுக்குப் பின்னால் ஓடுகிறது. மேலே நாணல் அடர்ந்த ஒரு குட்டை, கீழே போய் ஆற்றில் சேரும். இரண்டு வருடத்துக்கு முன்னால் அதைப் பார்த்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். ஒரு பஸ் டிரைவர், பறவை பார்க்கிற கிறுக்கு உள்ளவர், வீடு வீடாக வந்து ஆள் பிடித்தார். என்னையும் அக்காவையும் சேர்த்துப் பதினோரு பேர் ஆனோம். ஞாயிறுதோறும் இறங்கி டயர், மெத்தை, ஒரு முழு சைக்கிள் எல்லாம் வெளியே இழுத்துப் போட்டோம். கரையில் செடி நட்டோம். சும்மா சொல்லக் கூடாது, ஆறு மாதத்தில் மீன்கொத்தி வந்துவிட்டது! அப்புறம் ஒரு நாள் நீர்நாய் வந்தது, இரண்டு குட்டிகளோடு! முதலில் பார்த்தவள் நான்தான். சந்தோஷத்தில் நான் போட்ட கூச்சலில் அது தண்ணீருக்குள் மறைந்தது. டிரைவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அந்த நேரம் பார்த்து நுரை வந்தது.

பாலத்தடியில் மழைநீர்க் குழாய் ஒன்று ஓடையில் திறக்கிறது. மழையில்லாத காலத்தில் அதிலிருந்து ஒன்றும் வரக் கூடாது. ஆனால் வெள்ளை நுரை, முழங்கால் உயரத்துக்கு! கீழே மீன்கள் வயிற்றைக் காட்டி மிதந்தன. "முதல் மழைக்கு ஆத்து மீனெல்லாம் குட்டைக்கு ஏறும், முட்டை போட" என்றார் டிரைவர். "இந்த நுரையைத் தாண்டி ஒண்ணும் உயிரோட போகாது. மீன் இல்லேன்னா நீர்நாயும் கிளம்பிடும். மழைக்கு இன்னும் பத்து நாள்கூட இல்லை."

"இது என் தொழிலாச்சே!" என்று அக்கா முன்னால் வந்தார். கசிவு கண்டுபிடிக்கிற பச்சைப் பொடி அவரிடம் இருந்தது; மீனுக்கும் கெடுதல் இல்லாதது. ஒரு கட்டடத்தில் தொட்டியில் பொடியைக் கரைத்து ஊற்ற வேண்டும். அந்தத் தண்ணீர் சாக்கடைக்குப் போனால் ஓடையில் நிறம் வராது. பாலத்தடியில் பச்சை வந்தால், ஆள் அகப்பட்டான்!

நுரை என்றதும் சலவைக் கடைதானே? போன மாதம்தான் அங்கே இரண்டு பெரிய மெஷின் வேறு புதிதாக இறக்கியிருந்தார்கள். டிரைவரும் அதைத்தான் கேட்டார். அக்கா அவர்மேல் பாய்ந்தார். "அந்த லைன் நான் போட்டது. நேரா சாக்கடைக்குப் போகுது. அங்க பொடியை வீணாக்க வேண்டாம்." அக்கா வாயால் சொன்னபின் அப்பீல் ஏது! முடிதிருத்தும் கடை, ஓட்டல், பேக்கரி, வண்டி கழுவும் இடம் என்று ஒரு வாரம் ஊற்றினோம். பச்சையும் இல்லை, மஞ்சளும் இல்லை. நுரை மட்டும் ஜோராக வந்துகொண்டிருந்தது.

எனக்குப் பொறுமை கிடையாது என்றேன் அல்லவா? சனிக்கிழமை காலை, போர்வை வெளுக்கப் போடுகிற சாக்கில் சலவைக் கடைக்குப் போனேன். அக்காவும் மற்றவர்களும் பாலத்தடியில்; நான் பேக்கரியில் இன்னொரு முறை ஊற்றப் போயிருப்பதாக அவர்கள் நினைப்பு. கடைக்காரர் அந்தப் பக்கம் திரும்பியதும் பொடியை வடிகால் வாயில் கொட்டி ஒரு வாளித் தண்ணீரையும் ஊற்றினேன். என் சந்தேகம் தீர்ந்தால் போதும் என்றுதான்.

ஏழே நிமிடம். போன் அடித்தது.

"வந்துடுச்சுடி! பச்சைப் பசேல்னு கொட்டுது!" அக்கா தண்ணீருக்குள் நின்று குதிக்கிற சத்தம் கேட்டது. பின்னால் விசில், கைத்தட்டல். "பேக்கரிதானே? எந்தப் பாவி போட்ட லைன்டி அது? சொல்லு, அவன் கையை உடைக்கிறேன்!"

"அக்கா, நான் பேக்கரியில இல்லை. சலவைக் கடையில நிக்கறேன்."

குதிக்கிற சத்தம் நின்றுவிட்டது.

முழங்கால்வரை பச்சையோடு ஓடிவந்தார். கடை வாசலில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இரும்பு மூடிகள், ஒன்று சாக்கடை, ஒன்று மழைநீர். இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. கடப்பாரையால் இரண்டையும் நெம்பித் திறந்தார். மழைநீர்க் குழிக்குள் பச்சை ஓடிக்கொண்டிருந்தது. அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டார்.

"தனியா செஞ்ச முதல் வேலைடி. அன்னைக்கு நல்ல மழை, ரெண்டு குழியிலயும் தண்ணி ஓடிச்சு. கசிவை மூணு தடவை பார்த்தேன். எந்தக் குழின்னு ஒரு தடவைகூடப் பார்க்கலை."

ஏன்தான் ஊற்றினேனோ! "யாருக்கும் தெரியாது அக்கா. பேக்கரின்னே இருக்கட்டும். நீங்க அப்புறமா சத்தமில்லாம மாத்திடுங்க."

"சத்தமில்லாம எப்படிடி தெருவைத் தோண்டறது?" என்றார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை. "நான் வாயை மூடினா அந்தப் பேக்கரிக்காரிய ஊரே பிச்சுத் தின்னுடும். வா" என்று எழுந்தார்.

பாலத்துக்குத் திரும்பினோம். வேடிக்கை பார்க்க மீசைக்காரரும் வந்து நின்றிருந்தார். அக்கா அவருக்கு முன்னாலேயே போய் நின்றார். "அது சலவைக் கடை லைன். நான் போட்டது. பதினஞ்சு வருஷமா நான்தான் இந்த ஓடையில சோப்புத் தண்ணிய விட்டிருக்கேன். நாளைக்குத் தோண்டறேன்." மீசைக்காரர் குழாய் வாயை ஒரு முறை குனிந்து பார்த்தார், சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். போய் ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்கப் போகிறார் என்று நான் பல்லைக் கடித்தேன்.

சலவைக் கடைக்காரர் இரண்டு நாள் கடையை மூடினார். "யானைக்கும் அடி சறுக்கும்மா" என்று ஆறுதல் சொல்லிவிட்டு, "அது என் வாசல்லதான் சறுக்கணுமா?" என்றும் கேட்டார். பதினோரு பேரும் மண் வாரினோம். குழாய் தெரிந்ததும் அக்கா இணைப்பைத் தடவிப் பார்த்தார். துளி ஈரம் இல்லை. "பாரு, இன்னிக்கும் ஒரு சொட்டு கசியலை" என்றவருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "தப்பான குழியில இவ்வளவு நல்ல இணைப்பை உலகத்துல யாரும் போட்டிருக்க மாட்டாங்க அக்கா" என்றேன். "போடி" என்று ரம்பத்தை எடுத்து அறுத்தார்.

மூன்றாம் நாள் நாலு மணிக்குக் கொட்டியது மழை! குடையாவது ஒன்றாவது, எல்லோரும் பாலத்துக்கு ஓடினோம். குழாயிலிருந்து கலங்கல் தண்ணீர் பாய்ந்தது. நுரை இல்லை, ஒரு குமிழிகூட இல்லை! அரை மணி கழித்து ஒரு மீன் கல்லுக்கு மேல் எம்பியது, விழுந்தது, மறுபடி எம்பித் தாண்டியது. அப்புறம் பத்து, அப்புறம் நூறு! டிரைவர் எண்ண ஆரம்பித்து, எண்ணிக்கை தப்பி, ஓவென்று கத்தினார். நானும் கத்தினேன், பேக்கரிக்காரியும் கத்தினாள். அக்கா மட்டும் குழாய் வாயையே பார்த்து நின்றார். மழையில் அழுகிறவரை யார் கண்டுபிடிப்பது? நான் கண்டுபிடித்தேன்.

அப்போதுதான் மீசைக்காரர் சொட்டச் சொட்ட நனைந்து எங்களிடம் வந்தார். நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு முன்னால் போனேன். ஒரு வார்த்தை தப்பாக வரட்டும், அப்புறம் இருக்கிறது!

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அக்காவிடம் போய்ச் சன்னமாகச் சொன்னார். "மூணு நாளாத் தூக்கம் இல்லைம்மா. நானும் பாதி வேலையை மழை நாள்லதான் போட்டேன். எந்த மூடியைத் திறந்தேன்னு சத்தியமா ஞாபகம் இல்லை. அந்தப் பொடி மிச்சம் இருக்கா?"

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எத்தனை வீடுண்ணே?"

"முந்நூறு இருக்கும்."

அக்கா என் பக்கம் திரும்பினார். "ஏண்டி, நாளைக்கு வேலைக்கு லீவு சொல்லிடு."