முந்தானையில் முடிந்த சாவி

இந்த மலையில் அபினுக்குக் கறுப்பு என்று பெயர். தேவிகுளத்துக் கச்சேரிச் சிப்பந்தியானாலும் மூணாற்றுக் கடைக்காரரானாலும், மலையாளம் பேசுகிற எவரும் அப்படித்தான் சொல்வார்கள். அதோடு, அவர்கள் பேச்சில் கழிப்பது என்றால் உண்பது. கீழேயிருந்து புதிதாக வருகிறவர்களுக்கு இது விளங்க நாளாகும். நேற்று, சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து இரண்டு மாதமே ஆன ஒருவர், வயிற்றுப்போக்கு என்று எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு வந்தார். கோட்டயத்துக்காரரான எங்கள் டாக்டர், "கறுப்பு கழிக்குமோ?" என்று கேட்டார். அபின் தின்னும் வழக்கம் உண்டா என்பது கேள்வி. வந்தவர் கையைக் கட்டிக்கொண்டு, "கழிச்சாச்சு ஐயா. வண்டி ஏறுததுக்கு முந்தியே கோழி அறுத்துக் கருப்பனுக்குக் கழிச்சிட்டுத்தான் வந்தோம்" என்றார். "கோழியும் கூட்டியோ?" என்று டாக்டர் திகைத்துப் போனார். நான் இடையில் புகுந்து இருவருக்கும் விளக்கினேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அந்தக் கேள்வி சிரிப்பைத் தருவதில்லை. இதே டாக்டர் இதே கேள்வியை முன்பொரு நாள் என்னிடம் கேட்டிருக்கிறார். அன்று எனக்கு அது நன்றாகவே விளங்கிற்று.

நான் இந்த ஆஸ்பத்திரியின் கம்பவுண்டர். ஆஸ்பத்திரி என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். தகரக் கூரை, ஆறு கட்டில், மருந்து அலமாரி ஒன்று. டாக்டர் வாரத்தில் இரண்டு நாள் குதிரையில் வருவார். மற்ற நாட்களில் அலமாரிச் சாவியும் ஆறு கட்டிலும் என் பொறுப்பு. அம்பாசமுத்திரத்திலிருந்து நான் வந்த வருஷம் மழை நின்றபாடில்லை. ஆற்றில் தினம் இரண்டு வேளை குளித்து வளர்ந்த உடம்பு, இங்கே தண்ணீரைத் தொடவே அஞ்சியது. சீதபேதி பிடித்தது. அலமாரியிலிருந்த அபின் டிங்சரில் பத்துத் துளி எடுத்துக் குடித்தேன். வயிறு நின்றது. அத்துடன் குளிர் நின்றது. தகரத்தில் விழும் மழைச் சத்தம் தொலைவுக்குப் போயிற்று. வீட்டிலிருந்து கடிதம் வரவில்லையே என்ற நினைப்பும் போயிற்று. மறுநாள் வயிறு சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் குடித்தேன்.

மூன்று மழைக்காலம் அப்படிக் கழிந்தது. குடிகாரன் என்று என்னை யாரும் சொல்ல முடியாது. நான் தள்ளாடவில்லை, உளறவில்லை, வேலைக்கு ஒரு நாளும் பிந்தவில்லை. நான் குடித்த அளவுக்குக் குப்பியில் தண்ணீர் ஊற்றி வைப்பேன். நிறம் வெளுக்காமல் இருக்கச் சர்க்கரையைக் கருக்கிக் கரைத்துச் சேர்ப்பேன். வயிற்று நோவுக்காரர்கள் நோவு தீரவில்லை என்று சொன்னால், கஞ்சியில் உப்புக் குறைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்புவேன். இதை எழுதும்போது கை நடுங்குகிறது என்று எழுதினால் படிக்க நன்றாயிருக்கும். ஆனால் நடுங்கவில்லை. அந்த நாட்களிலும் நடுங்கவில்லை.

அப்போதுதான் முத்துப்பேச்சி வந்தாள். கயத்தாற்றுப் பக்கம். கணவன் இறந்தபின் தனியாக மலைக்கு வந்து, பாக்டரியில் இலை அள்ளிப் போடும் வேலை பார்த்தவள். வயது முப்பது இருக்கும். உருளை இயந்திரத்தில் வலக்கை மாட்டி, இரண்டு விரல்களை எடுத்துவிட வேண்டியதாயிற்று. வலிக்கு டிங்சர் பதினைந்து துளி என்று டாக்டர் எழுதினார். நான் கொடுத்தேன். அவள் கத்தி ஓய்ந்து, கட்டில் சட்டத்தைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். அடுத்த தடவை டாக்டர் முப்பது துளி என்றார். அதற்கும் அடங்கவில்லை. "இந்த மருந்து என்ன செய்யுது ஐயா? எனக்கு ஒண்ணுமே கேக்க மாட்டேங்குதே" என்று என்னிடம் கேட்டாள். பழக்கமில்லாத உடம்பு, கொஞ்சம் பொறுக்க வேண்டும் என்றேன்.

பத்தாம் நாள், போடியிலிருந்து மருந்துப் பெட்டி வந்து சேர்ந்தது. அன்று டாக்டரும் வந்திருந்தார். கட்டுப் பிரித்துப் புண்ணைச் சுத்தம் செய்ய வேண்டும், அதற்குமுன் வலிக்கு அறுபது துளி கொடுத்துவிடலாம் என்று சொல்லி, புதுக் குப்பியின் முத்திரையை உடைத்து அவரே அவுன்சு கிளாசில் ஊற்றினார். பழைய குப்பியில் அறுபது துளி என்றால் அதில் மருந்து எவ்வளவு என்பது எனக்கு மட்டுமே தெரியும். புதுக் குப்பியில் அறுபது என்றால் அந்த மெலிந்த உடம்பு தூங்கப் போய்த் திரும்ப எழாது. டாக்டர் கட்டிலை நோக்கி நடந்தார். வாயைத் திறக்காமல் கிளாசைத் தட்டிவிட வழியுண்டா என்று யோசித்தேன். அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். வழி தோன்றவில்லை. அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"எந்தா?"

"வேண்டாம் சார். பழைய குப்பியிலே பாதிக்கு மேலே தண்ணி."

"ஆரா வெள்ளம் சேர்த்தது? ஷாப்புக்காரனோ?"

"நான்தான் சார்."

விற்றாயா என்று கேட்டார். இல்லை என்றேன். என் கண்மணியை உற்றுப் பார்த்தார். அபின் தின்பவனுக்கு அது ஊசிமுனையாகச் சுருங்கியிருக்கும்.

"கறுப்பு கழிக்குமோ?"

"கழிக்கும் சார்" என்றேன். என் மொழியில் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கிளாசிலிருந்ததில் முக்கால் பங்கைத் திரும்பக் குப்பியில் ஊற்றிவிட்டு, மீதியை அவளுக்குக் கொடுத்தார். அரை மணியில் அவள் பல்லைக் கடிப்பது நின்றது. பத்து நாளில் முதல் முறை. டாக்டர் என்னை வெளியே அழைத்துப் போய், தமக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "வேலையில்நின்னு பிரிச்சுவிட்டால் நீ மலை இறங்கும். முதல் கறுப்பு ஷாப்பில் கேறும். பின்னே நீ இல்லை. இவிடே நிக்கு. மருந்து தொடண்டா. புண்ணு கழுகு, தரை தூக்கு." தரையைத் தூக்கச் சொல்கிறார் என்று நான் விழித்தேன். பெருக்கு என்று அர்த்தமாம்.

என் சிகிச்சைக்கென்று தனியாக ஒரு குப்பியில் டிங்சர் நிறைத்துத் தயார் செய்தார். காலை ஒரு வேளை, மாலை ஒரு வேளை. ஒவ்வொரு தடவையும் எடுத்த அளவுக்கு நிலவேம்புக் கஷாயத்தை ஊற்றி நிரப்பிவிட வேண்டும். குப்பி எப்போதும் நிறைந்திருக்கும். உள்ளே இருப்பது மட்டும் நாளுக்கு நாள் மெலியும். கடைசியில் வெறும் கசப்பு. சாவி யாரிடம் இருப்பது என்ற கேள்வி வந்தது. இரவும் பகலும் ஆஸ்பத்திரியில் இருப்பவர்கள் இரண்டே பேர்: நானும் முத்துப்பேச்சியும். டாக்டர் அவளிடம் கொடுத்தார். "ஏனென்று நீ தன்னே பறயணும்" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் குதிரை ஏறினார்.

சொன்னேன். அவள் குறுக்கிடாமல் கேட்டாள்.

"அப்ப என் வலிக்கு உள்ள மருந்த நீரு குடிச்சீரு."

"ஆமாம்."

"நான் கத்தும்போதும் குடிச்சீரா?"

"கத்தும்போதும்தான்."

அதுவரை என்னை ஐயா, நீங்க என்றுதான் சொல்லி வந்தாள். அன்றிலிருந்து நீரு. சாவியை இடக்கையாலும் பல்லாலுமாக முந்தானையில் முடிந்துகொண்டாள். குப்பி வேலை செய்யும் விதத்தை நான் விளக்கியபோது மட்டும் ஒரு சிரிப்பு வந்தது. "நீரு எனக்குச் செஞ்சதத்தான டாக்டரு உமக்குச் செய்யுதாரு? எனக்குச் சொல்லாமச் செஞ்சீரு. அவரு சொல்லிட்டுச் செய்யுதாரு."

முதல் வாரம் தெரியவில்லை. இரண்டாவது வாரம் கொட்டாவியும் தும்மலும் ஆரம்பித்தன. மூக்கு ஒழுகியது, தோல் சிலிர்த்தபடியே இருந்தது, கால்கள் என்னைக் கேளாமல் உதைத்தன. நின்றுபோன சீதபேதி திரும்பி வந்தது. பன்னிரண்டாம் நாள் பகலில் அவள் கட்டிலருகே போய், டாக்டர் இன்னொரு வேளை கொடுக்கச் சொல்லியிருக்கிறார் என்றேன். "அவரே வந்து சொல்லட்டும்" என்றாள். முந்தானையை எட்டிப் பிடித்தேன். அவள் விடவில்லை. இழுபறியில் என் முழங்கை அவளுடைய கட்டுப் போட்ட கையில் மோதியது. அவள் அலறவில்லை, மூச்சை உள்ளே இழுத்தாள், அவ்வளவுதான். கட்டுத் துணியில் சிவப்பு ஊறிப் பரவியது.

முடிச்சை அவிழ்த்துச் சாவியைத் தரையில் போட்டாள். "எடுத்துக்கிடும். என்னால ஏலாது."

சாவி என் காலடியில் கிடந்தது. நான் வெந்நீர் கொண்டுவந்து கட்டைப் பிரித்தேன். தையல் ஒன்று விட்டிருந்தது. கழுவி, மருந்து வைத்து, புதுத் துணி சுற்றி முடிக்க நெடுநேரம் ஆயிற்று. அதற்குள் மூன்று தடவை வெளியே ஓடிவிட்டு வந்தேன். ஒவ்வொரு தடவையும் சாவியைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. என்னைத் தடுத்தது மனஉறுதி என்று சொல்ல மாட்டேன். அவள் கை என் கையில் இருந்தது. அதை முடிக்க வேண்டியிருந்தது. முடித்தபோது அவளே குனிந்து, இடக்கையால் சாவியை எடுத்து முடிந்துகொண்டாள். மாலையில் வேளை தவறாமல் கொடுத்தாள். நடந்ததை டாக்டரிடம் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

நாற்பது நாளுக்குமேல் ஒரு காலையில் டாக்டர் குப்பியை முகர்ந்துவிட்டு, இதில் ஒன்றுமில்லை, ஐந்தாறு நாளாகவே இல்லை என்றார். எனக்கு மகிழ்ச்சி வரவில்லை, ஏமாந்தது போலிருந்தது. பிறகு பசித்தது. அப்படி ஒரு பசி. முத்துப்பேச்சியின் கஞ்சியிலும் பாதி எனக்கு வந்தது.

அவளால் அதற்கப்புறம் பாக்டரி வேலை செய்ய முடியவில்லை. கொழுந்து எடுக்கப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைக் கொட்டகையில் வைத்துப் பார்த்துக்கொள்கிறாள். அழாமல் தூங்கட்டும் என்று கடுகளவு அபினை நாக்கில் தடவிக் கொண்டுவிடும் வழக்கம் இங்கே உண்டு. அவள் ஒவ்வொரு பிள்ளையின் வாயையும் மோந்து பார்த்த பிறகுதான் கையில் வாங்குகிறாள். என்னை எங்கே கண்டாலும், "நல்லா இருக்கீரா?" என்று கேட்பாள். அது நலம் விசாரிப்பதல்ல. நானும் நின்று, கண்ணைக் காட்டிவிட்டுத்தான் போவேன்.

போன பங்குனியில் தங்கை மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போனேன். மலையில் பெரிய உத்தியோகம் என்று பேச்சு. வாசலிலேயே தாம்பாளம் ஏந்தி வரவேற்றார்கள். பந்தலில் என் தாய்மாமா என்னைப் பக்கத்தில் இருத்தி, இடுப்பிலிருந்து சின்னச் செம்புச் சிமிழை எடுத்தார். முதுகுவலிக்கு நாள்தோறும் போட்டுக்கொள்கிறாராம். "குளிர்ல கிடந்து வார மருமவன். உருண்டை ஒண்ணு போடுடே, உடம்பு அலுப்பு போயிரும்" என்று நீட்டினார். அன்போடுதான் நீட்டினார். அந்த மணத்துக்கு என் நாக்கு ஊறியது. "விட்டுட்டேன் மாமா" என்றேன். "எதை விட்டே? நீ எப்பப் போட்டே?" என்று கேட்டுச் சுற்றிலும் இருந்தவர்கள் சிரித்தார்கள். அங்கே என் கண்மணியைப் பார்க்கத் தெரிந்தவர் ஒருவருமில்லை. என்னைத் திருடன் என்று நினைப்பவரும் ஒருவருமில்லை. ஒரு வாரம் இருப்பதாகச் சொன்னவன், தாலி கட்டி முடிந்த மறுநாளே புறப்பட்டேன். தங்கை தேர்முட்டி வரை அழுதுகொண்டே வந்தாள்.

போடியிலிருந்து விடிகாலையில் ஏற ஆரம்பித்தேன். பாதி மலை வந்ததும் மேலேயிருந்து மூடுபனி இறங்கிவந்தது. சட்டையின் முன்பக்கம் சொட்டச் சொட்ட நனைந்துவிட்டது. முதுகில் மட்டும், கீழ்நாட்டு வெயில் இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது.