கம்பங்களுக்கு நடுவே சுவாமிதாஸ்

திருச்சுழிப் பக்கம் கிணறு வெட்டிக்கொண்டிருந்த சுவாமிதாஸை அருப்புக்கோட்டை மில்லுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது அவனுடைய உடம்புதான். பஞ்சுப் பொதி தூக்கும் வேலை கொடுத்து, மில்லின் ஹாக்கி அணியிலும் போட்டுக்கொண்டார் மேனேஜர் சங்கரபாண்டியன்.

“பந்தைப் பத்தி நீ கவலைப்படாத. நம்ம ஃபார்வர்டை எவனாவது இடிச்சான்னா, அப்புறம் அவன் இந்தப் பக்கமே வரக் கூடாது.”

நாலைந்து வருஷம் அந்த வேலையைச் சுவாமிதாஸ் குறைவில்லாமல் செய்தான். அவன் எதிரே வந்தாலே மற்ற அணிக்காரர்கள் ஒதுங்கி ஓடினார்கள். 1968இல் விருதுநகர்ப் போட்டியில் மட்டும், சங்கரலிங்கம் என்ற எதிரணிப் பையன் ஒதுங்கவில்லை. சுவாமிதாஸின் மட்டை அவன் மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் சுவாமிதாஸுக்கே கேட்டது. நடுவர் வெளியே அனுப்பினார். ஆள் குறைந்த அணி தோற்றது.

“இனிமே நீ பொதி மட்டும் தூக்கு” என்றார் மேனேஜர்.

அந்த வருஷக் கடைசியில் கோல்கீப்பர் பட்டாளத்துக்குப் போய்விட்டான். சரளைக்கல் மைதானத்தில், முகத்துக்கு ஒரு மறைப்பும் இல்லாமல் நிற்க யாரும் முன்வரவில்லை. சுவாமிதாஸ் மேனேஜர் முன்னால் போய் நின்றான்.

“அடிக்கத்தான் இனி விடமாட்டீக. அடி வாங்கவாச்சும் விடுங்க, சார்.”

பொதி தூக்கி இறுகிய உடம்பு சட்டென்று குனிய மறுத்தது. வேலைக்குப் போகுமுன் தினமும் மனைவி தெரசாளைப் பந்து எறியச் சொன்னான். அவள் மெதுவாக எறிந்தாள்.

“கோழியவா வெரட்டுற? மூஞ்சியப் பாத்து எறி.”

“அந்த மூஞ்சி எனக்கு வேணும்ல” என்றாலும், போகப்போக வேகமாகவே எறிந்தாள்.

மறு வருஷம் அதே விருதுநகர், அதே எதிரணி. தப்பாட்டத்துக்குத் தண்டனையாகக் கோலை நோக்கி அடிக்கும் ஷார்ட் கார்னர் அவர்களுக்கு மூன்று கிடைத்தது; மூன்றையும் அடிக்க வந்தவன் சங்கரலிங்கம். கோணலாகக் கூடியிருந்த மணிக்கட்டைச் சுவாமிதாஸ் பார்த்தான். முதல் பந்து நெஞ்சில் மோதி விழுந்தது. அடுத்தது தாடையைப் பதம் பார்த்தது. ரத்தத்தோடு ஒரு பல்லைத் துப்பினான்.

“வெளிய வந்துருண்ணே” என்று பதறினான் கோலுக்கு முன்னால் பேக்காகத் தடுத்தாடிய செல்வதுரை.

“நான் நிக்கேன். நீ ஒன் ஆளைப் பாருலே.”

கடைசிப் பந்து தோளில் பட்டுக் கம்பத்துக்கு மேலே எகிறிப் போயிற்று. மில் அணி ஒரு கோலில் ஜெயித்தது.

ஆட்டம் முடிந்ததும் சங்கரலிங்கம் பக்கத்தில் வந்தான். “மூணும் ஒங்களைக் குறி வச்சுத்தாண்ணே அடிச்சேன். ஒண்ணுக்காவது வெலகுவீகன்னு பாத்தேன்.”

“கை இப்ப எப்படிடா இருக்கு?”

“மட்டை பிடிக்க வருது.”

சுவாமிதாஸ் அந்தக் கையை எடுத்துத் தடவிப் பார்த்தான். வீங்கிய வாயால் மன்னிப்புக் கேட்டது எவ்வளவு விளங்கியதோ, சங்கரலிங்கம் தலையை ஆட்டினான்.

மில் அணியைக் கலைக்கும்வரை கோல் காவல் சுவாமிதாஸிடமே இருந்தது. அதற்குள் இன்னும் இரண்டு பல் போயிற்று. மைதானத்திலிருந்து அவனை வெளியே அனுப்ப வேண்டிய அவசியம் எந்த நடுவருக்கும் வரவில்லை.