நான் சொன்ன சாங்கியம்

தாராவியில் எங்கள் பழைய வீட்டை இடித்துவிட்டு, பக்கத்திலேயே ஏழு மாடிக் கட்டடத்தில் ஆறாவது மாடியில் வீடு கொடுத்தார்கள். சாவி வாங்கிய அன்று லிஃப்டின் கதவு தானாகத் திறந்து தானாகவே மூடிக்கொண்டதைப் பார்த்தேன். உள்ளே காலை வைக்கவில்லை. பதினெட்டு வயதில் தனியாக ரயிலேறி இந்த ஊருக்கு வந்தவள் நான். ஒரு பெட்டிக்குப் பயந்தேன் என்று சொல்ல வாய் வருமா?

"எனக்குக் கால் நல்லாத்தான் இருக்கு" என்று படியேறினேன்.

மருமகளுக்கு அப்போது ஐந்து மாதம். என்னைத் தனியே விட மனமில்லாமல், "வாங்க அத்த, கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள வீடு வந்துரும்" என்று கையைப் பிடித்து இழுத்தாள். உதறினேன். அப்போது வாயில் அது வந்து விழுந்தது.

"ஏளா, வயித்துப் பிள்ளையோட அந்தரத்துல தொங்குத பெட்டிக்குள்ள போவக் கூடாது. நம்ம ஊர்ப் பக்கம் அது சாங்கியம்."

எங்கள் ஊர்ப் பக்கம் அன்று லிஃப்டே கிடையாது. சாங்கியம் எங்கிருந்து வரும்? ஆனால் அவள் இங்கே பம்பாயிலேயே, செம்பூரில் பிறந்து வளர்ந்தவள். ஊர் வழக்கம் என்று நான் சொன்னால் தட்டமாட்டாள். அன்றிலிருந்து அவளுக்கும் படிதான். வேலை முடிந்து வந்து, நாலாவது மாடியில் உட்கார்ந்து வீங்கிய காலை நீவிக்கொள்வாள்.

"பிள்ள பொறந்ததும் முதல்ல படியத்தான் எண்ணும் போல, அத்த" என்று சிரிப்பாள். நானும் சிரிப்பேன்.

எட்டாம் மாதம் அதே நாலாவது மாடிப் படியில் கால் வழுக்கி இரண்டு படி சறுக்கினாள். ஆஸ்பத்திரியில், பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லும்வரை நான் வாய் திறக்கவில்லை. சொன்ன பிறகும் திறக்கவில்லை. அவள் பிரசவத்துக்குத் தாய் வீடு போனாள்.

பேத்திக்கு இப்போது மூன்று வயது. நான் இத்தனை நாளும் படிதான். போன வாரம் ஒரு நாள், முதலாம் மாடியில் ஒரு பெண், நிறைமாதம், மூச்சு வாங்க நின்றாள். ஐந்தாம் மாடிக்காரி.

"லிஃப்ட்ல போவலையாட்டி?"

"உங்க மருமவதான் சொன்னா, பெரியம்மா. உங்க ஊர் சாங்கியமாமே."

"அப்படி ஒரு சாங்கியமும் இல்ல. வா" என்று அவளைக் கூட்டிக்கொண்டு லிஃப்டுக்குள் நுழைந்தேன். கதவு மூடியது. அவள் கையை இறுக்கியிருப்பேன் போல.

"பயமா இருக்கா, பெரியம்மா?"

"ஆமா" என்றேன்.

அந்த ஒரு சொல்லை மருமகளிடம் இன்னும் சொல்லவில்லை. அவளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. அதனால்தான் இதை எழுத முடிகிறது.