ரபீக்கா மிஸ்ஸின் பதில்

கிண்ணியாவில் ரபீக்கா மிஸ்ஸைத் தெரியாத முன்பள்ளி ஆசிரியைகள் குறைவு. பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். கடைசி வாங்கில் உட்கார்ந்து யாராவது கொட்டாவி விட்டால்கூடப் பெயர் சொல்லி அழைத்து, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பார். அப்படிப்பட்டவர் செய்த காரியம் என்பதால்தான், அவரோடு படிப்பிக்கும் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

டிப்ளோமா வகுப்பு இணையத்துக்கு மாறியபோது, வாட்ஸ்அப் குழுவில் விடிந்தால் ஸலாமும் வணக்கமும் ரோசாப்பூப் படங்களும் குவிந்தன. நடுவில் வந்த கேள்விகள் அமுங்கிப் போயின. மிஸ் குழுவைப் பூட்டிவிட்டு, கேள்வியைத் தனக்குத் தனியாக அனுப்பச் சொன்னார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். எழுபது பேரும் தனித்தனியாக அனுப்பினார்கள், பூவும் சேர்த்து.

அந்த நேரம் ஒரு பயிற்சிப் பட்டறையில், ஆசிரியர் பக்கத்தில் இருப்பதாக மாணவர் உணர வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். மிஸ் தன் போனில், தானாகப் போகும் பதில் ஒன்றை எழுதி வைத்தார்: "ஓம் பிள்ள, கிடைச்சது. யோசிக்காதீங்க, ஆறுதலாச் செய்யுங்க." நல்ல யோசனை என்று பாராட்டியவள் நான்தான்.

அந்த வகுப்பில் இருந்த இலங்கைத்துறைத் தயாளினிக்கு டிப்ளோமாச் சான்றிதழ் கிடைத்தால் ஊர் முன்பள்ளியில் வேலை. கடைசி ஒப்படையை எழுதிக் கொடுக்க வேண்டிய நேரத்தில் மகனுக்கு டெங்கு. "ஒரு கிழமை பிந்தலாமா மிஸ்?" என்று கேட்டு எழுதினாள். பதில் உடனே போனது. அவளும் ஆறுதலாகவே செய்தாள். பிந்தி வந்த ஒப்படையை டிப்ளோமா நடத்தும் நிறுவனம் ஏற்கவில்லை. வேலை வேறொருத்திக்குப் போனது.

அவள் சண்டைக்கு வரவில்லை. வந்திருக்கலாம். விஷயம் தெரிந்ததும் மிஸ்தான் என்னையும் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார். தயாளினி கதிரைகளைத் துடைத்துப் போட்டாள்.

"நீங்கதானே மிஸ் ஓம் எண்டனீங்கள்" என்றாள். குரலில் கோபமில்லை.

மறந்துவிட்டேன் என்று மிஸ் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"அது நானில்ல பிள்ள. போன் தானா அனுப்பினது. நீங்க எழுதினத நான் வாசிக்கவேயில்ல. என்ன மன்னிச்சிக்கங்க."

தயாளினி கதிரை துடைத்த துணியை மடித்து வைத்தாள்.

"எப்பவும் அதே பதில்தான் வரும். அது உங்கட பழக்கம் எண்டு நினைச்சனான். இவர் கடலுக்குப் போய் ரெண்டு நாள் வராம இருக்கேக்கையும் உங்களுக்குத்தான் மிஸ் எழுதினனான். யோசிக்காதீங்க எண்டு வந்தது. அதைப் பாத்துத்தான் அண்டைக்கு ஒரு வாய் சோறு திண்டனான்" என்றாள். பிறகு கேட்டாள்: "அதையும் நீங்க வாசிக்கேல்லையா?"

மிஸ் இல்லை என்று தலையாட்டினார்.