மேலே என்ன இருக்கிறது என்று கேட்டவர்

புனே பக்கத்துச் சின்ஹகட் மலைக்கோட்டைக்கு நடந்தே ஏறுவதாக, நான் குடியிருக்கும் ஔந்த் பேட்டை முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். பாதி மலையில் நெஞ்சு படபடத்தது. மாரடைப்பேதான் என்று தீர்மானித்து, மனைவிக்கு ஃபோன் போட்டு லாக்கர் சாவி இருக்கும் இடத்தைச் சொல்லிவிட்டு, சுறுசுறுப்பாக இறங்கிக்கொண்டிருந்தேன்.

எதிரே அவர் ஏறி வந்தார். கனத்த உடம்பு, கழுத்தில் ஈரத் துண்டு. இறங்குகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி, அடுத்த வளைவில் என்ன இருக்கிறது என்று இந்தியில் விசாரித்தார். என் ஃபோன் பேச்சு காதில் விழுந்திருக்க வேண்டும். என்னிடம் தமிழிலேயே கேட்டார்.

"ஏனுங்க, மேல என்னங்க இருக்குது? என்னன்னு தெரிஞ்சா காலு தானா போகுமுங்க."

"பெரிய மரம். அதுக்குக் கீழ ஒரு அம்மா மோர் விக்கிறாங்க. நல்ல கெட்டி மோர்."

"உச்சி வரைக்கும் போயிட்டீங்களா?"

"பின்னே?"

அவர் முகம் மலர்ந்து மேலே நடந்தார். நான் அடிவாரத்துக்கு வந்தும் ஸ்கூட்டரைக் கிளப்ப மனம் வரவில்லை. அந்த உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டால்? இப்போது நெஞ்சு நிஜமாகவே அடித்துக்கொண்டது. டீக்கடையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வெகுநேரம் கழித்து, துண்டைப் பிழிந்துகொண்டே இறங்கி வந்தார்.

"மரத்தையும் காணோம், மோரையும் காணோமுங்க. அடுத்த வளைவுல இருக்கும், அடுத்த வளைவுல இருக்கும்னு போயி உச்சியே வந்துருச்சு. மோரு அங்கதான் விக்கிறாங்க."

பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினார்.

"கீழ பாத்தா குடுக்கலாம்னு வாங்கியாந்தேன். நீங்க குடிச்சிருக்க மாட்டீங்கல்ல."

நான் உச்சிக்கே போகவில்லை என்று எந்த வளைவில் கண்டுபிடித்தாரோ. மோர் நான் சொன்னபடியே கெட்டியாக இருந்தது.