இடது சீட்டுக் கிளி

மேகம் கூரைமேல் வந்து உட்கார்ந்திருந்த ஒரு திங்கட்கிழமை காலையில் கிளி வேலையை விட்டுப் போனாள். போனாள் என்பது மரியாதைக்கு, அனுப்பிவிட்டார்கள்.

நோயாளிகளை ஏற்றிச் செல்லும் இரட்டை இன்ஜின் ஹெலிகாப்டரில் இடது சீட்டு அவளுடையது, வலது சீட்டு தலைமை விமானியுடையது. மேகத்துக்குள் போய்விட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. கருவிகளைப் பார்த்துத்தான் இறங்க வேண்டும். அவர் ஓட்டுவார். அவள் உயரத்தை விடாமல் சொல்லுவாள்: எண்ணூறு, எழுநூறு, அறுநூறு. கிளி என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது அப்படித்தான்.

ஆட்டோபைலட் ஒழுங்காக வேலை செய்தால் மேகத்துக்குள்ளும் ஒரே விமானி போதும் என்று விதி இடம் கொடுத்தது. ஒரு சம்பளம் மிச்சம் என்று முதலாளிக்கு அது தேனாக இனித்தது. தலைமை விமானி மட்டும் முடியாது என்றிருந்தால் பேச்சு அதோடு நின்றிருக்கும். அவர் சொன்னது திறந்த கதவு வழியே அவள் காதில் விழுந்தது: "அவ என்னங்க பண்றா? நம்பர் ஒப்பிக்கிறா. எனக்கு ஆளே வேண்டாம்."

கிளி ஹெல்மெட்டைக் கொண்டுபோய் அவர் மேசைமேல் வைத்தாள்.

"இன்ஜினுக்கு ஜோடி வேணும், ஓட்டுறவருக்கு வேணாமாண்ணே?"

"ஆட்டோபைலட் இருக்கேம்மா. அது லீவு கேக்காது."

பக்கத்து மேசையிலிருந்த கணக்கர்கூடச் சிரித்தார். அந்தச் சிரிப்பையும் சேர்த்து எடுத்துக்கொண்டுதான் அவள் படியிறங்கினாள்.

பிறகு கடலுக்கு நடுவே எண்ணெய் மேடைகளுக்குப் பறந்தாள், பனிமலைகளில் பறந்தாள். கடைசியில் விமானிகளைச் சோதிக்கும் தேர்வாளர் ஆனாள். அன்றைக்கு நடந்ததையெல்லாம் மறந்து தொலை என்று அம்மா ஒவ்வொரு முறை பேசும்போதும் சொல்லிப் பார்த்தாள். மறந்துவிட்டால் காலையில் எதற்கு எழுந்திருப்பது என்று கிளி கேட்டாள். அம்மா அதற்கப்புறம் சமையலைப் பற்றி மட்டும் பேசினாள்.

ஊருக்குத் திரும்பியதும் அவள் வாய்விட்டுக் கேட்டு வாங்கிய முதல் வேலை, தலைமை விமானியின் வருடாந்தரச் சோதனை.

அவளைப் பார்த்ததும் அவர் முகம் சுண்டியது. ஆனாலும் ஏறி உட்கார்ந்தார். அவள் பழைய இடது சீட்டில் உட்கார்ந்தாள். வெளியே பார்க்க முடியாதபடி அவர் கண்ணுக்கு மறைப்பு போட்டார்கள். இறக்கம் தொடங்கியதும் அவள் ஆட்டோபைலட்டை அணைத்தாள்.

வருஷக்கணக்காக அதை நம்பியே இருந்த கை தடுமாறியது. ரேடியோவில் விமானக் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குப் பதில் சொல்ல வேண்டும், திசையைப் பிடிக்க வேண்டும், வேகத்தை அடக்க வேண்டும். வேர்த்து வழிந்தவரின் வாயிலிருந்து பழைய பழக்கம் தானாக வந்தது.

"உயரம்?"

கிளி பேசவில்லை.

"உயரம் சொல்லும்மா!"

தேர்வாளர் உதவக் கூடாது என்பது விதி. விதிப்படி நடப்பதில் இவ்வளவு ருசி இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. தரை தெரியாவிட்டால் திரும்ப மேலேறியே ஆகவேண்டிய கடைசி உயரத்தை உயரமானியின் முள் தாண்டிக் கீழே போனது. அவர் கவனிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் இறங்கட்டும் என்று அவள் விட்டாள். அதன் பிறகே கட்டுப்பாட்டைத் தன் கையில் வாங்கி மேலே ஏற்றினாள்.

கீழே இறங்கியபின் மறைப்பைக் கழற்றிக்கொண்டே அவர் கேட்டார். "வேணும்னேதானே பேசாம இருந்த?"

"கிளிக்கு இன்னைக்கு லீவுண்ணே."

தோல்வி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவர் பயிற்சிக்கூடத்தில் சின்னப் பையன்களோடு உட்கார்ந்து மறுபடி கற்றுக்கொள்கிறார் என்று கேள்விப்பட்ட அன்று, அம்மா வைத்த சோற்றை இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டாள். அவர் தேறி மறுபடி பறக்கத் தொடங்கியதைக் கேட்டபோது பாதியில் எழுந்து கை கழுவினாள்.

வெகுகாலம் கழித்து, ஒரு மழை நாளில், அவள் போனுக்கு அவரிடமிருந்து செய்தி வந்தது.

"இன்னைக்கு மேகத்துக்குள்ள ஆட்டோபைலட் செத்துப்போச்சு. பின்னாடி நோயாளி, ஒரு நர்ஸ். உயரத்த நானே உன்ன மாதிரி கத்திக் கத்திச் சொல்லிக்கிட்டு இறக்கினேன். எல்லாரும் நல்லா இருக்கோம். உன்மேல கோவம் மட்டும் அப்படியேதான் இருக்கு."